மூணு மணிக்கு வெட்டுறோம்

கிராமத்துத் தபாலாபீசில் போஸ்ட்மாஸ்டராக இருந்த வருஷங்களில் நான் படித்த பத்திரிகைகளில் ஒன்றுகூட நான் சந்தா கட்டியதல்ல. சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக் கிழிக்காமல் பத்திரிகையை உருவுவது, படிப்பது, மடிப்பு மாறாமல் திரும்பச் செருகுவது. இந்தத் திறமையை இலாகா எந்தப் பரீட்சையிலும் சோதிக்கவில்லை. சோதித்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். ஊரில் என்னைப் படித்தவன் என்றார்கள். அடுத்தவர் காசில் படித்தவன் என்பது சந்தாதாரர்களுக்கு மட்டும் லேசாகத் தெரியும். பத்திரிகையில் காப்பிக் கறை இருந்தால் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இன்னொரு திறமையை மட்டும் இலாகா கண்டிப்பாக எதிர்பார்த்தது. தந்தியை டெலிபோனில் வாங்கும்போது எழுதிக்கொண்ட ஒவ்வொரு சொல்லையும் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். எதிர்முனைக்காரர் 'சரி' என்ற பிறகுதான் அது தந்தி. அதுவரை வெறும் சத்தம். எனக்கு முன்னால் இருந்தவர் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டார். இங்கிலீஷ் எழுத்தில் வந்த 'மாமா வந்தார்' என்ற தமிழ்ச் சேதியை 'மாமா வெந்தார்' என்று எழுதிக்கொண்டதில், ஏம்பலத்திலிருந்து ஒரு குடும்பமே வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு மதகடிப்பட்டு வரை போய், பஸ் ஸ்டாண்டில் மாமாவை எதிரில் பார்த்தது. இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காதவர் எங்கள் பக்கத்தில் கிடையாது. நானும் சிரித்தவன்தான்.

எங்கள் ஊர் ஓர் ஏரிக்குக் கீழே இருந்தது. பேர்பெற்ற பாகூர் ஏரி இல்லை. அதற்குப் பேரன் என்று சொல்லலாம், அவ்வளவு சின்னது. பிறை மாதிரி வளைந்த ஒரு மைல் கரை. வடகோடிக்குக் கீழே நாங்கள். தென்கோடிக்குக் கீழே இன்னோர் ஊர். என் அக்காவைக் கட்டிக் கொடுத்தது அந்த ஊரில்தான். கரையின் நடுவில், மேடான இடத்தில், வேப்ப மரத்தடியில் இரண்டு ஊருக்கும் பொதுவாக ஓர் அம்மன் கல். ஏரி நிரம்பிக் கரை தாங்காது என்றாகிவிட்டால் கணக்கு சுலபம். தென்கோடி உடைந்தால் வடகோடி பிழைக்கும். வடகோடி உடைந்தால் தென்கோடி பிழைக்கும். அதனால் பெருமழைக் காலங்களில் இரண்டு ஊரும் தத்தம் கரையில் காவல் போடும். காவல் தண்ணீருக்கு எதிராக இல்லை, மண்வெட்டிக்கு எதிராக.

எண்பதுகள் தொடங்கியிருந்த நேரம். ஒரு பொங்கலுக்குப் பட்டிமன்றம் வைத்தார்கள். வருஷா வருஷம் காப்பிய நாயகிகளில் கற்பில் சிறந்தவர் யார் என்று பேசிப் பேசி, அந்த நாயகிகளே அலுத்துப்போயிருப்பார்கள். புதுசாக ஏதாவது தலைப்பு சொல்லு என்று என்னைக் கேட்டார்கள். அந்த வாரம் நான் உருவிப் படித்த பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. எதிரி அணுகுண்டை எடுக்கப் போகிறான் என்று தெரிந்தால் அவன் எடுப்பதற்குள் நாம் போட்டுவிடலாம் என்று ஒரு வல்லரசின் சர்க்காரில் கொள்கையே வகுத்து வைத்திருக்கிறார்களாம். அதற்குப் பாதுகாப்பு என்று பெயராம். 'முந்திக்கொள்வது அறிவா, அழிவா' என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். அழிவு என்ற கட்சி பள்ளிக்கூட ஹெட்மாஸ்டருக்குப் போனது. அறிவு எனக்கு வந்தது. வாழ்க்கையில் அது ஒரே முறை.

மைக் செட்டுக்குக் காசு கொடுத்தவர் ஊரிலேயே அதிகம் கரும்பு போட்டவர். முதல் வரிசை நாற்காலி அவருக்கு. அவர் பக்கம் பார்த்துத்தான் பேசினேன். அணுகுண்டு ஊருக்குப் புரியாது, அதனால் ஏரிக்கு வந்தேன்.

"நம்ம ஏரி ரொம்பி நிக்குது. தென்கோடிக்காரன் மண்வெட்டியோட வர்றான். அவன் வெட்டட்டும், அப்பறம் பாத்துக்கலாம்னு நிக்கிறவனுக்கு நல்லவன்னு பேரு வரும். அந்தப் பேர கல்லுல வெட்டி நட்டு வைக்க ஊருல எடம் இருக்காது."

கைத்தட்டல் ஓயவில்லை. கரும்புக்காரர் தொடையில் தட்டிக்கொண்டார். நடுவர் என் கட்சிக்குத் தீர்ப்புச் சொல்லிச் சால்வை போட்டார். சிரிக்க வைத்து ஜெயித்தேன் என்பதில் எனக்கு இருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் காது சூடாகிறது.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் பாதியில் எழுந்து போனார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். எங்கள் பக்கம் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்பார்கள். அவருக்கு வரும் பிரெஞ்சுப் பத்திரிகையையும் நான் உருவுவதுண்டு. படம் பார்ப்பதோடு சரி. மறுநாள் பென்ஷன் காகிதம் ஒன்றை ரிஜிஸ்தர் பண்ண வந்தவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சகாரா பாலைவனத்தில் பிரெஞ்சு சர்க்கார் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது அவரும் அங்கே காவலுக்கு இருந்தாராம். முதுகைக் காட்டி மணலில் உட்காரச் சொன்னார்களாம். கண்ணை மூடி, முழங்கையால் மூடிக்கொள்ளச் சொன்னார்களாம்.

"மூடிக்கினுதான் இருந்தேன். கை எலும்பு தெரிஞ்சிச்சு. மூடின கண்ணுக்கு."

அவ்வளவுதான் சொன்னார். ரசீதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு சிரிப்புப் பேச்சுக்கு இவ்வளவு வருத்தமா என்று நினைத்துக்கொண்டேன். அவர் பத்திரிகையைக் கொஞ்ச நாள் உருவவில்லை. அவ்வளவு மரியாதைதான் என்னால் முடிந்தது.

அந்த வருஷக் கார்த்திகையில் மழை பிடித்தது. ஐந்து நாள் விடவில்லை. மேலே இருக்கிற ஏரிகள் ஒவ்வொன்றாக நிரம்பி, வழிந்ததையெல்லாம் எங்களுக்கு அனுப்பின. ஐந்தாம் நாள் காலையில் தண்ணீர் கரையின் மேல்விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. இரண்டு ஊருக்கும் இடையில் இருந்த கீழ்ச்சாலை முழுகிவிட்டது. போக வர ஏரிக்கரை ஒன்றுதான் வழி. எங்கள் ஆட்கள் வடகோடியில் சாக்கில் மண் கட்டி அடுக்கினார்கள். தென்கோடியிலும் அதையே செய்துகொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அங்கே நிறைய மண்வெட்டி சேர்ந்திருக்கிறது என்பதுதான். எங்கள் மண்வெட்டிகளை நாங்கள் எண்ணவில்லை.

பகல் ஒரு மணிக்கு ஆபீஸ் டெலிபோன் அடித்தது. தென்கோடி ஊரில் டெலிபோன் இருந்தது நெல் மில்லில் மட்டும். பேசியது அக்கா புருஷன், மாமா. மழையில் லைன் பொரி வறுப்பது போலப் பொரிந்தது.

"மச்சான், நல்லா கேட்டுக்க. மூணு மணிக்கு வெட்டுறோம். உங்க ஆளுங்களுக்கும் சொல்லிடு. அப்பறமா சொல்லலன்னு பேச்சு வரக்கூடாது, இன்னா…"

லைன் அறுந்தது. மறுபடி சுழற்றினேன். உயிர் இல்லை.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏரி மிஞ்சும்போது நடுக்கரை அம்மனுக்குக் கிடா வெட்டுவது இரண்டு ஊருக்கும் வழக்கம். எந்த ஊர் வெட்டினாலும் மற்ற ஊருக்கு முன்கூட்டியே சொல்லி அனுப்ப வேண்டும்; சொல்லாமல் வெட்டினால் அம்மன் பாதித் தண்ணீரைத்தான் இறக்குவாள் என்று பேச்சு. ஒருமுறை சொல்லாமல் விட்டு, இரண்டு ஊரும் மூன்று வருஷம் கொள்வினை கொடுப்பினை இல்லாமல் இருந்தன. இது எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரியும். பல வருஷமாக ஏரி அப்படி நிரம்பவில்லை, யாரும் வெட்டவில்லை, அவ்வளவுதான். மாமா 'கிடா' என்று சொல்லவில்லை. சொல்வானேன்? கார்த்திகை மழையில், ஏரி மிஞ்சி நிற்கையில், 'வெட்டுறோம்' என்றால் கிடாவைத்தான் என்பது அவருக்கு அவ்வளவு வெளிச்சம். கரையைத்தான் என்பது எனக்கு அவ்வளவு வெளிச்சம்.

தந்தியாக இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன். எதை வெட்டுறீங்க, எங்கே, திரும்பச் சொல்லுங்க. அது தந்தி இல்லை. மாமா. விதி பொருந்தாது.

ஆபீசைப் பூட்டிக்கொண்டு கரைக்கு ஓடினேன். நான் சொன்னது இது: "மூணு மணிக்கு வெட்டப் போறாங்களாம். மாமாவே சொன்னாரு." சொல்லும்போதே எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்ததை மறைக்க மாட்டேன். முக்கியமான சேதியைக் கொண்டுவருகிறவனுக்கு வரும் சந்தோஷம். அக்காவின் நினைவு அதற்குப் பிறகுதான் வந்தது.

கரும்புக்காரர் சாக்கைக் கீழே போட்டார்.

"அவன் மூணுன்னா நாம ரெண்டரை. நீதானப்பா பொங்கல்ல சொன்ன. நல்லவன்னு பேர் வாங்கி இன்னா பண்றது?"

நான் சொன்னதுதான். ஆனால் நான் சொன்னபோது அது சிரிப்பு.

சொல்தா மழைக்கோட்டோடு அங்கே மண் கொட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தில் நிஜ யுத்தம் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் மண்கூடையை இறக்கிவிட்டுச் சொன்னார்: "ஒரு ஆள அனுப்பி இன்னான்னு கேட்டுக்கினு வரலாம்பா. போக வர முக்கா மணி நேரம்."

"கேட்டா உஷாராயிடுவான்," என்றார் கரும்புக்காரர்.

"வெட்டப் போறவன் போன் பண்ணிச் சொல்லிட்டா வெட்டுவான்?"

"மூணுன்னு சொல்லி நம்மள ஒக்கார வச்சிட்டு ரெண்டுக்கு வெட்டுவான். அவன் புத்தி தெரியாதா?"

எந்தக் கேள்விக்கும் இப்படி ஒரு பதில் இருக்கும். எதிரி சொன்னால் மிரட்டல், சொல்லாவிட்டால் சூழ்ச்சி. சொல்தா என்னைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தவன் நான். 'சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை விசாரிக்கலாம்' என்று நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பார்கள். படித்தவன் சரியாகக் கேட்கவில்லை என்று ஊர் முன்னால் எப்படிச் சொல்வது?

மழை கொஞ்சம் தணிந்த நேரத்தில் ஒரு பையனை மேட்டில் ஏற்றிப் பார்த்துவரச் சொன்னார்கள். தென்கோடிக் கரையில் காவலுக்கு ஓர் ஆள்கூட இல்லை என்று வந்து சொன்னான். ஆள் சேர்க்கப் போயிருக்கிறார்கள் என்றார் கரும்புக்காரர். அதோடு சந்தேகம் தீர்ந்தது. உண்மையில் காவல்காரர்கள் வீட்டுக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். தலைக்குக் குளித்து ஈரத்துணியோடுதான் அம்மன் முன்னால் நிற்க வேண்டும்.

ஒன்றரை மணிக்கு எட்டுப் பேர் மண்வெட்டி கடப்பாரையோடு கரைமேல் தெற்கே போனார்கள். நான் கரும்புக்காரரிடம், அங்கே அக்கா இருக்கிறாள் என்றேன். போன் பண்ணி அவளை மட்டும் மேட்டுக்கு வரச் சொல் என்றார். கருணையாகத்தான் சொன்னார். ஆபீசுக்குத் திரும்பி ஓடி டெலிபோனைச் சுழற்றினேன். சுழற்றிக்கொண்டே இருந்தேன். அந்தச் செத்த போனிடம் நான் வீணாக்கியது இருபது நிமிஷம். ஊருக்குத் துரோகம் இல்லாமல் அக்காவைக் காப்பாற்ற அது ஒன்றுதான் வழி என்பதால் அதை விட மனம் வரவில்லை. பிறகுதான் கரையேறி நடக்கத் தொடங்கினேன். ஓடினேன் என்று எழுதலாம். அந்தச் சேற்றில் யாரும் ஓட முடியாது.

மறுபடி வலுத்த மழையில் நூறு அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. நடுக்கரை வேப்ப மரத்தை நெருங்கியபோது முதலில் பறைச் சத்தம் கேட்டது. அப்புறம் கூட்டம் தெரிந்தது. அவர்கள் ஊரிலிருந்து நேராக நடுக்கரைக்கு ஏறும் பாதையில் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு, வேப்பிலை, ஈரத்துணி. நடுவில் ஒரு கறுப்புக் கிடா, கழுத்தில் சாமந்தி மாலை. மழையில் நனைந்த மாலையைத் திரும்பித் திரும்பித் தின்னப் பார்த்தது.

அந்தக் கிடாவைப் பார்த்த கணத்தில் எனக்கு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் எல்லாம்.

மாமா என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வந்துட்டியா மச்சான். உங்க ஆளுங்க எங்க? மூணுக்குள்ள வந்துடுவாங்களா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. தெற்கே, மழைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இடி மாதிரி இல்லை. ஒரு பெரிய மாடு பெருமூச்சு விட்ட மாதிரி இருந்தது. பறை நின்றது. மாமா தெற்கே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நடந்தது என் முகத்திலேயே எழுதியிருந்திருக்கும், திரும்பப் படித்துக் காட்டத் தேவையில்லாமல்.

உடைப்பு விழுந்தது கரையை ஒட்டியிருந்த பள்ளத் தெருவுக்கு நேர் மேலே. கூலி வேலைக்காரர்களின் வீடுகள், மண்சுவர். பெரும்பாலானவர்கள் கிடா வெட்டுக்கு நடுக்கரைக்கு வந்துவிட்டதால் பிழைத்தார்கள். மூன்று பேர் போனார்கள். அதில் ஒருத்தி அந்தக் கிடாவை வளர்த்தவள். குட்டியிலிருந்து வளர்த்ததை வெட்டும்போது பார்க்க முடியாது என்று, கயிற்றை மட்டும் ஊர்க்காரர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். என் அக்கா கைக்குழந்தையோடு மில்லின் பரணில் அன்று மாலை வரை உட்கார்ந்திருந்தாள். பிழைத்தாள்.

அன்று சாகவேண்டிய உயிர் என்று நாள் குறிக்கப்பட்டிருந்தது அந்தக் கிடா ஒன்றுதான். அது மேட்டில் நின்று மாலையைத் தின்று முடித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் அதை வெட்ட மனம் வரவில்லை. நான்கைந்து வருஷம் கரையில் கிழமாகத் திரிந்தது. அதைப் பார்த்தால் நான் வேறு வழியாகப் போவேன்.

எங்கள் ஊர் பிழைத்ததா என்றால், பொழுது சாய்கிற வரை பிழைத்தது. தெற்கே விழுந்த வெள்ளம் தாழ்ந்த நிலத்தைத் தேடி, முழுகின சாலையோடு சுற்றிக்கொண்டு, கீழ்ப்பக்கமாக எங்கள் வயலுக்குள் வந்தது. முதலில் போனது கரும்பு. கரும்புக்காரர் முழங்கால் தண்ணீரில் நின்று, எங்கிருந்து வருகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஏரிக்கு முந்திக்கொண்டவன், முந்தவிட்டவன் என்ற வித்தியாசம் தெரியவில்லை.

விசாரிக்க வந்த அதிகாரியிடம் எங்கள் ஊர், கரை தானாக உடைந்தது என்றது. தென்கோடி ஊர் ஒன்றும் சொல்லவில்லை. வெட்டிய கரைக்கும் உடைந்த கரைக்கும் அவர்களுக்கு வித்தியாசம் தெரியாமல் இல்லை. சொன்னால் என் பெயரும் வரும், நான் அவர்கள் ஊர் மருமகளின் தம்பி. அந்த மரியாதையில் தப்பித்தேன். சொல்தா மட்டும் அதற்குப் பிறகு தபாலாபீசுக்கு வரவில்லை. ரிஜிஸ்தர் பண்ண மதகடிப்பட்டுக்குப் போனார்.

இப்போது சந்தா கட்டிப் பத்திரிகை வாங்குகிறேன். முந்திக்கொள்ளும் அந்த அணுகுண்டுக் கொள்கையைப் பற்றி அவ்வப்போது எழுதுகிறார்கள். பெரிய படிப்புப் படித்தவர்கள், சந்தேகத்துக்கு இடமில்லாத தகவல் கிடைத்தால் மட்டும்தான் முந்திக்கொள்வோம் என்கிறார்கள். எங்களுக்கும் சந்தேகத்துக்கு இடமில்லாத தகவல்தான் கிடைத்தது. சொந்த மாமாவே சொன்னார், நேரமும் சொன்னார், ஆள் அனுப்பிப் பார்த்ததில் கரையும் காலியாக இருந்தது. எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. நடந்துபோய்க் கேட்டுவிட்டு வர முக்கால் மணி போதும். அப்படியும் கேட்கவில்லை. அவர்களுக்கு இருப்பது நிமிஷக் கணக்காம். அடுத்தவன் முந்துவதற்கு முன்னால் முந்துகிற ஊரில், அடுத்தவனும் அதையே நினைத்துக்கொண்டுதானே இருப்பான். அங்கே யார் வீட்டில் என்ன வெட்டுகிறார்கள் என்று யார் போய்க் கேட்பார்கள்? வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் நிலத்தில் மணல் இருந்தது. மணலை வாரினோம். அவர்கள் குண்டு விழுந்த பின்னால் வாருவதற்கு ஆள் வேண்டுமே.

அக்கா ஒன்றரை வருஷம் எங்கள் ஊர்ப் பக்கம் வரவில்லை. நிலம் மணலேறிப் போனதால் மாமா நெய்வேலிக்குக் கூலி வேலைக்குப் போயிருந்தார். ஒருநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். தம்பி வீட்டுக்கு வந்தவளாக இல்லை. தபாலாபீசுக்கு வந்தவளாக நின்றாள். மாமாவுக்குத் தந்தி கொடுக்க வேண்டுமாம். எழுதிக்கொண்டேன். 'மணல் வாரியாச்சு. நடவு வருது. கிளம்பி வரவும்.'

எழுதினதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். தலையாட்டினாள். இங்கிலீஷ் எழுத்தில் மாற்றிக்கொண்டு டெலிபோனில் மேலாபீசுக்குச் சொன்னேன். அங்கிருந்தவர் திரும்பச் சொன்னார். 'வாரியாச்சு' என்பதில் ஒரு எழுத்து விட்டிருந்தார். திருத்தினேன். மறுபடி சொல்லச் சொன்னேன். மூன்றாம் முறைதான் சரி என்றேன்.

அக்கா கம்பிக்கு அந்தப்பக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மணலுக்கு மூணு தடவ கேக்கற," என்றாள்.

மீதிச் சில்லறையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, வீட்டுக்கு வராமல், கரைமேல் ஏறித் தெற்கே நடந்தாள்.